திருச்சிக்குக் குடிவர எந்த ஏரியா நல்லது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை மாற்றலாகி வருகிறவர்கள், சென்னை வாடகை கட்டுப்படியாகாமல் வருகிறவர்கள், ரிட்டயரானபின் காவிரிக்கரையில் இருக்கலாம் என்று வருகிறவர்கள் என்று திருச்சியில் வீடு தேடுபவர்கள் பல வகை. தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் இந்த ஊர்க்காரன். வருகிறவர்கள் இங்கே நிம்மதியாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

திருச்சியில் நல்ல ஏரியா எது?

எல்லோருக்கும் நல்ல ஏரியா என்று ஒன்று கிடையாது. உங்கள் வீட்டில் யார் அதிக நேரம் வீட்டிலேயே இருப்பார்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஆபீஸ் போகிறவருடைய வசதிக்குத்தான் வீடு பார்க்கிறார்கள். அவர் காலையில் பைக்கை எடுத்தால் இரவுதான் திரும்புகிறார். பகல் முழுக்க அந்தத் தெருவில் இருக்கப்போவது அம்மா, அப்பா, மனைவி, பள்ளிவிட்டு வரும் பிள்ளை. வண்டி ஓட்டத் தெரியாதவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் நடந்துபோய் காய், மருந்து வாங்கவும் பஸ் ஏறவும் முடிகிற ஏரியாதான் உங்களுக்கு நல்ல ஏரியா. வேலைக்குப் போகிறவர் பதினைந்து நிமிடம் கூடுதலாக வண்டி ஓட்டிக்கொள்ளலாம்.

கீழே எழுதியிருக்கும் எல்லாமே இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

2011 கணக்கெடுப்பில் மாநகராட்சிக்குள் 8.47 லட்சம் பேர். ஊரை மூன்று கோடுகள் பிரிக்கின்றன. வடக்கே காவிரி, அதைத் தாண்டினால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்கோவிலும். கொள்ளிடத்தையும் தாண்டினால் நம்பர் ஒன் டோல்கேட், சமயபுரம் பக்கம். இரண்டாவது கோடு ரயில் பாதை. ஜங்ஷனுக்குத் தெற்கே கருமண்டபம், கிராப்பட்டி, எடமலைப்பட்டி புதூர், கே.கே. நகர், விமான நிலையம். மூன்றாவது தஞ்சாவூர் ரோடு. பால்பண்ணையில் தொடங்கி அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர், துவாக்குடி என்று கிழக்கே நீள்கிறது.

இவை மூன்றுக்கும் நடுவில் பழைய டவுன்: மலைக்கோட்டை, சத்திரம் பஸ் ஸ்டாண்ட், தெப்பக்குளம், காந்தி மார்க்கெட், பாலக்கரை. அதற்கு மேற்கே தில்லை நகர், தென்னூர், உறையூர், புத்தூர், வயலூர் ரோடு.

வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் இந்தக் கோடுகளில் எத்தனையைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று என்றால் சமாளிக்கலாம். இரண்டு என்றால் நான் வேறு வீடு பார்க்கச் சொல்வேன். காரணம், தாண்டுவதற்குப் பாலங்கள் கொஞ்சம்தான். சிந்தாமணிக்கும் மாம்பழச் சாலைக்கும் இடையே உள்ள காவிரிப் பாலத்தை 2022 கடைசியில் பழுதுபார்க்க மூடி, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அத்தனை மாதமும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சென்னை பைபாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். 2024 ஜனவரியில் ஜி-கார்னர் ரயில்வே மேம்பாலத்தின் பக்கச்சுவர் பெயர்ந்தபோது பொன்மலைப் பக்கம் திண்டாடியது. பாலத்தை நம்பி இருக்கும் வாழ்க்கையில் இப்படி நாட்கள் வரும்.

ஸ்ரீரங்கத்தில் குடியிருக்க ஆசை. சரியா இருக்குமா?

பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஸ்ரீரங்கத்தை விடச் சிறந்த இடத்தை இந்த ஊரில் என்னால் சொல்ல முடியவில்லை. உத்திர வீதி, சித்திரை வீதி, அதற்கு வெளியே அடையவளஞ்சான் என்று கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெருக்கள். காலையில் நடக்கலாம், சாயங்காலம் கோயிலுக்குப் போகலாம், பூவிலிருந்து மாத்திரை வரை நடக்கிற தூரத்தில் கிடைக்கும். ஒன்றாம் நம்பர் பஸ் சத்திரம் வழியாக மத்திய பஸ் நிலையத்துக்கு அடிக்கடி ஓடுகிறது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், பல்லவன் இரண்டும் ஸ்ரீரங்கத்தில் நிற்கும், அதனால் சென்னைக்குப் போய்வர ஜங்ஷனுக்கு ஓட வேண்டாம்.

ஆனால் கூட்டத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி, ஆடிப்பெருக்குக்கும் அமாவாசைகளுக்கும் அம்மா மண்டபம் படித்துறை, பங்குனி, சித்திரைத் தேர். அந்த நாட்களில் கார் வீட்டு வாசலுக்கு வராது. டயாலிசிஸ் போன்ற தவறவிட முடியாத சிகிச்சை எடுப்பவர் வீட்டில் இருந்தால், கோயிலை ஒட்டிய வீதிகளை விட்டு மாம்பழச் சாலை, திருவானைக்கோவில் பக்கம் பாருங்கள். வண்டி வெளியே எடுக்க வழி இருக்கும்.

வேலை பெல் (BHEL) தொழிற்சாலையிலோ துவாக்குடியிலோ என்றால் ஸ்ரீரங்கம் வேண்டாம். ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அதுவும் ஆற்றையும் தஞ்சாவூர் ரோட்டையும் தினமும் பார்க்க வேண்டும்.

தில்லை நகர் வாடகை அதிகமாமே? அவ்வளவு மதிப்பு உண்டா?

மருத்துவமனைகளும் டாக்டர் கிளினிக்குகளும் அங்கேதான் குவிந்திருக்கின்றன. கடைகள், டியூஷன், பாங்க் எல்லாம் குறுக்குத் தெருக்களிலேயே. அடிக்கடி மருத்துவமனை போகிறவர் வீட்டில் இருந்தால் அந்த வாடகை தகும். இல்லையென்றால் அதே வசதியில் பாதிக்கு மேல் தென்னூரிலும் புத்தூரிலும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். தென்னூரில் உழவர் சந்தை இருக்கிறது. புத்தூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. தில்லை நகரில் கார் வைத்திருப்பவர்கள் பார்க்கிங்கை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையில் சொன்ன இடத்தில் மறுநாள் வீட்டுக்காரர் மாப்பிள்ளையின் கார் நிற்கும், அதை வைத்து மனக்கசப்பு வரும்.

உறையூரைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. சோழர் தலைநகராக இருந்த ஊர், நெசவு இன்னமும் மிச்சமிருக்கும் ஊர், வெக்காளியம்மன் கோயில் ஊர். தெருக்கள் குறுகல்தான், கார் திரும்பாது. ஆனால் கார் இல்லாத, நடுத்தர வருமானக் குடும்பத்துக்கு இவ்வளவு வசதியும் இந்த வாடகையும் சேர்ந்து கிடைக்கும் இடம் டவுனுக்குள் வேறு குறைவு.

பெல், என்.ஐ.டி., துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை. எங்கே பார்ப்பது?

குவார்ட்டர்ஸ் கிடைத்தால் யோசிக்க வேண்டாம். பெல்லின் கைலாசபுரம் டவுன்ஷிப்பின் மர நிழலும் அகலமான ரோடும் ஊருக்குள் எங்கேயும் கிடைக்காது. கிடைக்கவில்லையென்றால் திருவெறும்பூர், காட்டூர். தேசிய நெடுஞ்சாலையைத் தினமும் குறுக்கே கடக்க வேண்டாத பக்கமாக வீடு எடுங்கள். பால்பண்ணை முதல் துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு கேட்டு மக்கள் பல வருடம் போராடியது அங்கே விபத்துகள் நடந்ததால்தான். பள்ளிக்கூடம் ரோட்டுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே வீடு. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அரியமங்கலத்தில் மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது. பழைய குப்பையைத் தரம் பிரித்து அகற்றும் வேலை நடந்தாலும், சுற்றுப்புறத்தில் வீடு எடுக்கும்முன் காற்று அடிக்கிற சாயங்காலத்தில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் தள்ளியே பாருங்கள்.

கே.கே. நகர், ஏர்போர்ட் பக்கம் எப்படி?

திட்டமிட்ட தெருக்கள், உழவர் சந்தை, அமைதி. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள் நிறைய. சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா விமானங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இறங்குகின்றன. பொன்மலைக்குப் பக்கமாக எடுத்தால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடுதல் லாபம். சத்திரம் பக்கம் கல்லூரி, மலைக்கோட்டை பஜார் என்று தினமும் போக வேண்டியவர்களுக்கு மட்டும் இது தூரம்.

பஞ்சப்பூருக்குப் பஸ் ஸ்டாண்ட் போய்விட்டதே. அங்கேயே வீடு எடுத்துவிடலாமா?

பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு, ஜூலையில் பயன்பாட்டுக்கு வந்தது. மதுரை, சென்னை போன்ற வெளியூர் பஸ்கள் இப்போது அங்கிருந்துதான். வாரம் ஒருமுறை ஊருக்குப் போகிறவர் கருமண்டபம், எடமலைப்பட்டி புதூர், கிராப்பட்டியில் இருந்தால் உண்மையிலேயே சௌகரியம். ஆனால் பஞ்சப்பூரைச் சுற்றி மனை போட்டு விற்பவர்கள் சொல்லும் படத்தை நம்பி இன்றைக்கே குடியேறாதீர்கள். மருந்துக்கடையும் மளிகைக்கடையும் பள்ளியும் வந்து சேர்ந்தபின் போகலாம். வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு வெளியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

மழைத் தண்ணீர் நிற்கும் இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். காவிரி பொங்குவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஊருக்குள் வீடுகளை அதிகம் நனைப்பது கோரையாறு. தெற்கே மணப்பாறை, விராலிமலைப் பக்கம் கொட்டும் மழை கோரையாற்றில் இறங்கி, எடமலைப்பட்டி புதூர், கருமண்டபம் ஓரமாக வந்து, உய்யக்கொண்டான் வாய்க்காலைத் தாண்டி, குடமுருட்டி என்ற பெயரில் காவிரியில் சேர்கிறது. காவிரியிலும் அதே நேரம் வெள்ளம் என்றால் இந்தத் தண்ணீர் போக இடமில்லாமல் பின்னுக்கு ஏறும். 2005-லும் 2021-லும் வயலூர் ரோட்டுப் பக்க நகர்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. சனவரியில் வந்து பார்த்தால் அதே தெரு பளிச்சென்று இருக்கும்.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், பால் பூத்காரர், மளிகைக்கடைக்காரர் மூன்று பேரிடமும் தனித்தனியாக "இருபத்தொண்ணு மழைக்கு இங்க எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு?" என்று கேளுங்கள். வந்ததா என்று கேட்டால் இல்லை என்பார்கள். எதுவரைக்கும் என்று கேட்டால் கையால் காட்டுவார்கள். காம்பவுண்டுச் சுவரின் வெளிப்பக்கம் பெயின்ட் உரிந்த கோடு ஒரே உயரத்தில் நீளமாக ஓடுகிறதா, வாசற்படி ரோட்டைவிடத் தாழ்ந்திருக்கிறதா, புதுவீடுகள் மட்டும் உயரமாகக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நான்கு படி ஏற்றிக் கட்டியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

வயலூர் ரோட்டையே ஒதுக்கச் சொல்லவில்லை. மேட்டுப் பகுதிகளில் அருமையான வீடுகள் இருக்கின்றன. அங்கே ஏரியா பெயரை வைத்து முடிவு செய்யாமல், தெருத் தெருவாகப் பார்க்க வேண்டும்.

குடிதண்ணீர்?

காவிரி பக்கத்தில் ஓடுவதால் எல்லா வீட்டிலும் காவிரித் தண்ணீர் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். மாநகராட்சி இணைப்பு அந்த வீட்டுக்கே இருக்கிறதா, எத்தனை மணிக்கு வருகிறது, மாடி போர்ஷனுக்கு ஏறுகிறதா அல்லது கீழே இறங்கிக் குடம் பிடிக்க வேண்டுமா என்று கேளுங்கள். போர் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்துக் குடித்துப் பார்த்தாலே உப்பு தெரியும். பாத்ரூம் குழாயில் வெள்ளை படிந்திருந்தாலும் தெரியும். தண்ணீர் வரும் நேரத்தில் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது.

வெயில் அவ்வளவு மோசமா?

ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் போர்ஷன், அதிலும் மேற்குப் பார்த்த சுவர் உள்ள படுக்கையறை, பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் ஆகாது. வாடகை ஆயிரம் ரூபாய் குறைவு என்று அதை எடுத்தால் ஏ.சி. கரண்ட் பில்லில் போய்விடும்.

பஸ் வசதியை எப்படிச் சோதிப்பது?

அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் இலவசம். ஆனால் திருச்சியில் டவுன் பஸ்களில் நிறைய தனியார் பஸ்கள். அவற்றில் டிக்கெட் எடுக்க வேண்டும். தினம் பஸ்ஸில் போகும் பெண்கள் இருக்கும் வீடு என்றால், நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்று எத்தனை அரசு பஸ் வருகிறது என்று பாருங்கள். மாதச் செலவில் அது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். இரவு ஒன்பது மணிக்கு மேல் கடைசி பஸ் எப்போது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் முதலிலா, வீடு முதலிலா?

பள்ளிக்கூடம். சீட் உறுதியானபின் மூன்று கிலோமீட்டருக்குள் வீடு. நல்ல பள்ளிகள் மேலப்புதூர், பாலக்கரை, கன்டோன்மென்ட், சிந்தாமணி என்று டவுனுக்குள் நெருக்கமாக இருப்பதால், தூரத்து நகர்களிலிருந்து வரும் பிள்ளைகள் காலை ஏழு மணிக்கே வேன் ஏறுகிறார்கள். சிறு பிள்ளைக்கு அந்தத் தூக்கம் முக்கியம்.

எந்த மாதத்தில் தேடினால் வீடு கிடைக்கும்?

பள்ளி விடுமுறையை ஒட்டி ஏப்ரல், மேயில் டு-லெட் போர்டு அதிகம் தொங்கும், போட்டியும் அதிகம். ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீடு மாற மாட்டார்கள். காலியான வீடு சும்மா கிடக்கும். அந்த மாதங்களில் குடிபோவதில் உங்களுக்குத் தயக்கம் இல்லையென்றால் வாடகையும் அட்வான்ஸும் பேசிக் குறைக்கலாம். தயக்கம் இருந்தால் ஆடியில் பேசி முடித்து, ஆவணியில் பால் காய்ச்சுங்கள்.

எங்களுக்கு வீடு தருவார்களா?

இதைக் கேட்கத் தயங்கிக் கேட்பவர்கள் முஸ்லிம் குடும்பங்கள், அசைவம் சாப்பிடுபவர்கள், தனியாக இருக்கும் பெண்கள், பேச்சிலர்கள். ஜாதியைச் சுற்றி வளைத்து விசாரிப்பார்களோ என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. உண்மையைச் சொல்கிறேன்: ஸ்ரீரங்கத்துக் கோயில் வீதிகளில் "சைவம் மட்டும்" என்பது சகஜமான நிபந்தனை. மற்ற ஏரியாக்களிலும் பெயரைக் கேட்டதும் "இப்பதான் வேற ஒருத்தருக்குப் பேசிட்டோம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இது தவறு. வாடகை ஒழுங்காகத் தருகிற, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிற குடும்பத்தை வாசலில் நிறுத்திப் பிறப்பை விசாரிப்பது நம் ஊருக்குப் பெருமை இல்லை.

வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே போனில் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். குழந்தைகளோடு வாசல் வரை போய் அந்தப் பதிலைக் கேட்க வேண்டாம். காஜாமலை, தென்னூர், பாலக்கரை, கே.கே. நகர், ஏர்போர்ட் பக்கம் எல்லா மதத்தவரும் கலந்து இருக்கிறார்கள். வீட்டுக்காரர் கீழே குடியிருக்காத வீடுகளிலும் பிளாட்களிலும் இந்த விசாரணை குறைவு.

அட்வான்ஸ், அக்ரிமென்ட் பற்றி?

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது என்கிறது அது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தகராறு வந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ வீட்டுக்காரர் நிறுத்த முடியாது. கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பொது மீட்டரில் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வருவது கஷ்டம்.

லீசுக்கு வீடு எடுக்கலாமா? மொத்தமாகப் பணம் கொடுத்தால் வாடகை இல்லையே?

ஒத்தி, போக்கியம், லீஸ் என்று எந்தப் பெயரில் சொன்னாலும், பல லட்சத்தை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு அந்த வீட்டில் இருக்கிறீர்கள். அந்த வீடு ஏற்கெனவே பாங்கில் அடமானமாக இருந்து தவணை கட்டாமல் போனால், பாங்க் வந்து நிற்கும்போது உங்கள் பணம் தொங்கலில். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல், பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாமல், வெறும் முத்திரைத் தாளில் எழுதிப் பணம் கொடுக்காதீர்கள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை இப்படிக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

வந்தவுடனே மனையோ வீடோ வாங்கிவிடலாமா?

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் வாடகைக்கு இருந்து பாருங்கள். அப்புறம் வாங்குங்கள். வாங்கும்போது முப்பது வருட வில்லங்கம், பட்டா, டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது உள்ளாட்சி அங்கீகாரம், பெரிய மனைப்பிரிவு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், இவை எல்லாம் பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அங்கீகாரமில்லா மனைகளை வரன்முறை செய்துகொள்ள வழி கொடுத்தார்கள். அதன்பின் பிரித்த அங்கீகாரமில்லா மனையை விலை குறைவு என்று தொடவே வேண்டாம். சர்வே எண்ணை வைத்துப் புலப்படம் எடுத்து, பக்கத்தில் வாய்க்காலோ ஏரியோ இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றிய வீடுகளுக்கு அடிமனை (வீடு நிற்கும் நிலம்) யாருடையது என்ற பிரச்சினை நெடுநாளாக இருக்கிறது. அங்கே வக்கீல் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

குடிவந்தபின் முதலில் என்ன செய்ய வேண்டும்?

காஸ் இணைப்பு மாற்றம், ரேஷன் கார்டு முகவரி, வாக்காளர் பட்டியல், ஆதார், இந்த வரிசையில். ரேஷன் கடை எந்தத் தெருவில், என்றைக்கு எந்தப் பொருள் என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அப்படியே அறிமுகமும் ஆகிவிடும். வார்டு கவுன்சிலர் யார், குப்பை வண்டி எப்போது வரும், கரண்ட் போனால் எந்த அலுவலகத்துக்குப் பேச வேண்டும் என்பதையும் முதல் வாரத்திலேயே எழுதி, பெரியவர்கள் கண்ணில் படும்படி போன் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.